கீபோர்டு வாங்கறதுக்கு முன்னாடி அதைத் திருப்பிப் பின்பக்கம் பாருங்க
(வாசகர் கேள்வி பதில்)

கீபோர்டு பத்தி கேளுங்கன்னு சொன்னாலும் சொன்னோம், வந்த கேள்வில பாதி "எந்த மாடல் பெஸ்ட்?"ங்கற ஒத்தை வரிதான். அதுக்குப் பதில் கிடையாது, ஏன்னா மாடல் மாறிக்கிட்டே இருக்கும். என்ன வாசிக்கணும், எங்க வாசிக்கணும்னு விவரமா எழுதினவங்க கேள்விய மட்டும் எடுத்துக்கிட்டேன். வீட்டுல கத்துக்கணும், அப்பப்போ சின்ன நிகழ்ச்சிக்குத் தூக்கிட்டுப் போகணும்னு நினைக்கறவங்களுக்குத்தான் இது, ஸ்டுடியோ வச்சிருக்கறவங்க பக்கத்தைத் திருப்பிடலாம்.

கேள்வி: பொண்ணுக்கு 8 வயசு, கிளாஸ்ல சேர்த்துவிடப் போறேன். குட்டிக் கீ வச்ச சின்ன கீபோர்டு இப்போதைக்குப் போதுமா, 61 கீ வாங்கணுமா? எங்க சித்தப்பா வாங்கறதே வாங்கற, 88 கீயா வாங்கிடுன்றார்.

61 கீ வாங்குங்கம்மா. ஆனா 61னு எண்ணிப் பார்த்தா மட்டும் பத்தாது, கீயோட அகலம் பெரிய பியானோல இருக்கற அதே அகலமா இருக்கணும். அதுல ஒரு வெள்ளைக் கீ ஏறக்குறைய 23.5 மில்லிமீட்டர், ஒரு ஆக்டேவ், அதாவது ஏழு வெள்ளைக் கீ, முழுக்க சேர்த்தா 16.5 செண்டிமீட்டர் வரும். குழந்தை வாசிச்சுப் பழகப் பழக இந்தத் தூரத்தை விரல்தான் மனப்பாடம் பண்ணுது, கண்ணு இல்ல. குட்டிக் கீல பழகிட்டு கிளாஸ்ல இருக்கற பெரிய கீபோர்டு முன்னாடி உக்காந்தா சரியான சுரத்துக்குப் பக்கத்து சுரத்துல போய் விரல் விழும், டீச்சர் ப்ராக்டிஸே பண்ணலன்னு நினைச்சுக்குவாங்க. பாவம் அந்தக் குழந்தை.

சித்தப்பா சொல்றதும் ஒரு விதத்துல சரிதான். வெஸ்டர்ன் கிளாசிக்கல் பியானோவே லட்சியம்னா ஒரு கட்டத்துல 88 கீ, அதுவும் உள்ள சுத்தியல் வச்ச நிஜ பியானோ மாதிரி கனமா இறங்கற கீ தேவைப்படும். ஆனா அது தூக்கிட்டுப் போற சாமான் இல்ல, பெரும்பாலும் 10 கிலோவைத் தாண்டிடும். 61 கீ கீபோர்டு 3 கிலோல ஆரம்பிச்சு 7 கிலோக்குள்ள முடிஞ்சிடும், 5 ஆக்டேவ் இருக்கும், முதல் சில வருஷத்துக்கு அதுல இல்லாத சுரம் எதையும் யாரும் வாசிக்கச் சொல்லப் போறதில்ல. கிரேடு எக்ஸாம் எழுதற எண்ணம் இருந்தா மட்டும் அந்த சிலபஸ்ல கருவி எப்படி இருக்கணும்னு போட்டிருக்கறதைப் படிச்சிட்டு அப்புறம் வாங்குங்க.

நீங்க கேக்காத ஒண்ணும் சொல்லிடறேன், அதுதான் இருக்கறதுலயே முக்கியம். டச் ரெஸ்பான்ஸ் இருக்கான்னு பாருங்க. மெதுவா அமுக்கினா மெதுவா கேக்கணும், அழுத்தி அடிச்சா சத்தமா கேக்கணும். பொதுவா ஒவ்வொரு கீக்கு அடியிலயும் ரெண்டு கான்டாக்ட் இருக்கும், முதல் கான்டாக்டுக்கும் ரெண்டாவதுக்கும் நடுவுல எவ்வளவு நேரம் ஆச்சுன்னு உள்ள இருக்கற சிப்பு அளந்து அதை 1ல இருந்து 127 வரைக்கும் ஒரு நம்பரா மாத்திக்கும். அதாவது கீபோர்டுக்கு நம்ம பலம் தெரியாது, வேகம்தான் தெரியும். இது இல்லாத கீபோர்டுல எப்படித் தொட்டாலும் ஒரே சத்தம், குழந்தை வாசிக்கக் கத்துக்காது, ஸ்விட்ச் போடத்தான் கத்துக்கும். ஒரே கம்பெனில பக்கத்துப் பக்கத்து மாடல்லயே இந்த வித்தியாசம் இருக்கும், யமஹா பிஎஸ்ஆர்-இ273ல டச் கிடையாது, அதே வரிசைல இ373ல இருக்கு. கேசியோ சிடி-எஸ்200ல இல்ல, எஸ்300ல இருக்கு. பார்க்க ரெண்டும் ஒண்ணு மாதிரியே இருக்கும், பெட்டி மேல இருக்கற கடைசி நம்பரை விட்டுட்டா போச்சு.

கேள்வி: ஒண்ணுல 400 டோன், இன்னொண்ணுல 600, அதுக்கு மேல 800. டோன் ஜாஸ்தி இருக்கறதுதானே நல்லது?

இல்லீங்க. டோன்னா பியானோ, ஃப்ளூட் மாதிரி ஒவ்வொரு கருவியோட சத்தம். அந்த நம்பர் பெட்டி மேல பெருசா போடறதுக்காக வச்சது. 1991ல ஜெனரல் மிடின்னு, எல்லாக் கம்பெனிக்கும் ஒரே டோன் வரிசைன்னு ஒரு பொது ஏற்பாடு வந்தது, அதுல மொத்தமே 128 டோன்தான், இன்னிக்கு வரைக்கும் முக்காவாசிப் பேருக்கு அதுவே ஜாஸ்தி. மீதி எல்லாம் அதே ஸ்ட்ரிங்ஸை நாலு விதமா, அதே ஆர்கனை ஆறு விதமா பண்ணி வச்சிருப்பாங்க. நீங்க தினமும் வாசிக்கப் போறது பியானோ, ஒரு ஸ்ட்ரிங்ஸ், ஒரு ஃப்ளூட், மிஞ்சிப் போனா ஆர்கன். கடைக்குப் போனா முதல் டோனான பியானோவைப் போட்டு நடுவுல ஒரு கீய அமுக்கிப் பிடிச்சுக்கிட்டு அது தேய்ஞ்சு அடங்கற வரைக்கும் காது கொடுத்துக் கேளுங்க. சீரா தேயுதா, இல்ல கொஞ்ச நேரத்துல ஒரே துண்டு திரும்பித் திரும்பி ரீங்கரிக்குதான்னு தெரிஞ்சிடும். அந்த ஒத்தை டோன் நல்லா இருந்தா பாக்கி 399ஐ மன்னிச்சிடலாம்.

டோனுக்குப் பதிலா பாலிஃபோனி எவ்வளவுன்னு பாருங்க. ஒரே நேரத்துல எத்தனை சுரம் கேக்கும்ங்கற கணக்கு அது. 10 விரலுக்கு 32 சுரம் எதுக்குன்னு தோணும், ஆனா சத்தத்தை நீட்டற சஸ்டெய்ன் பெடலை மிதிச்சா விட்ட சுரம் எல்லாம் இன்னும் ஓடிக்கிட்டு இருக்கும், பின்னாடி ரிதம் ஸ்டைல் ஓடினா ட்ரம்ஸ், பேஸ், கிட்டார் எல்லாத்துக்கும் இதே கணக்குல இருந்துதான் போகும், சில ஸ்டீரியோ டோன் ஒரு சுரத்துக்கே ரெண்டு இடம் எடுத்துக்கும். கணக்கு தாண்டினதும் பழைய சுரம் ஒண்ணு சத்தமில்லாம கழண்டுக்கும், சில சமயம் இடது கைல பிடிச்ச அந்தக் கீழ் சுரமே போயிடும், பாட்டு திடீர்னு மெலிஞ்ச மாதிரி இருக்கும், காரணம் புரியாது. 48ல இருந்து 64 வரைக்கும் இருந்தா நிம்மதி.

கேள்வி: சினிமா பாட்டும் கொஞ்சம் கர்நாடக சங்கீதமும் வாசிப்பேன் சார். பாடறவங்க ஆளுக்கொரு கட்டை சொல்றாங்க, கமகமும் வேணும். எதைப் பாத்து வாங்கறது?

கட்டைக்கு, அதாவது சுருதிக்கு, கவலையே வேண்டாம், எல்லாக் கீயோட சுரத்தையும் மொத்தமா ஏத்தி இறக்கற ட்ரான்ஸ்போஸ் இல்லாத கீபோர்டைத் தேடித்தான் கண்டுபிடிக்கணும். 1 கட்டைன்னா சி, 2 கட்டைன்னா டி, 5 கட்டைன்னா ஜி. நீங்க சி-ல பழகின பாட்டை 5 கட்டைக்குப் பாடறவங்களுக்கு வாசிக்கணும்னா +7 செமிடோன் (கருப்பும் சேர்த்து எண்ணினா ஒரு கீக்கு ஒரு செமிடோன்) வைக்கலாம், -5ம் வைக்கலாம், ரெண்டும் ஜி-தான். நான் -5 பக்கம்தான் போவேன், +7 வச்சா எல்லாமே கீச்சுனு மேல ஏறிக்கும். அடுத்த பாட்டுக்கு முன்னாடி ஸ்க்ரீனைப் பாத்துடுங்க, மேடைல நடக்கற கூத்துல பாதி ட்ரான்ஸ்போஸை மறந்ததாலதான். அதே சமயம் இதுலயே காலத்தை ஓட்டினா கை சி-யை விட்டு நகரவே நகராது, கத்துக்கற காலத்துல ஒரு பாட்டையாவது ட்ரான்ஸ்போஸ் தொடாம ஜி-ல விரலால வாசிச்சுப் பழகுங்க.

கமகத்துக்கு இடது ஓரத்துல சுரத்தை மேலயும் கீழயும் வளைக்கற பிட்ச் பெண்ட் சக்கரம் இருக்கணும். இதுல விலை ஏறினா இருக்கும், இறங்கினா இருக்காதுன்னு கணக்கே கிடையாது. நான் மேல சொன்ன எஸ்300 ஆரம்ப மாடல்தான், அதுல சக்கரம் இருக்கு. இ373ல இல்ல, அதுக்கு மேல இ473க்குப் போனாதான் உண்டு. வழக்கமா சக்கரம் மேல ரெண்டு செமிடோன், கீழ ரெண்டு செமிடோன் போகற மாதிரி வச்சிருப்பாங்க, மெனுவுல மாத்திக்கலாம். ரெண்டுலயே பழகுங்க, பெருசா வச்சா சின்ன அசைவுக்கே சுரம் எங்கயோ போய் நிக்கும். அப்புறம் இடது கை சக்கரத்துல மாட்டிக்கும், கார்டு (சேர்த்து அமுக்கற சுரங்கள்) பிடிக்க முடியாது. வலது கைல ரெண்டு கீ பிடிச்சிருந்தா ரெண்டும் சேர்ந்தே வளையும். இதை எல்லாம் தாண்டி வீணைல வர்ற கமகம் மாதிரியே வரும்னு எதிர்பார்க்காதீங்க, நல்ல கையில பக்கத்துல வரும், அவ்வளவுதான்.

இன்னொண்ணு, ஆர்மோனியமோ புல்லாங்குழலோ கூட வாசிக்கற பழக்கம் இருந்தா ட்யூனிங்னு ஒரு செட்டிங் இருக்கான்னு பாருங்க. ஏ சுரம் 440 ஹெர்ட்ஸ்லதான் கீபோர்டு வரும், அந்த ஆர்மோனியம் கொஞ்சம் ஏறியோ இறங்கியோ இருந்தா அதை ஒண்ணும் பண்ண முடியாது, நாமதான் நகரணும்.

கேள்வி: சின்ன நிகழ்ச்சில கீபோர்டை சவுண்டு மிக்ஸர்ல கொடுத்தேன், வீட்டுல கேக்கற சவுண்டு வரவே இல்ல, ஒல்லியா, தூரத்துல எங்கயோ வாசிக்கற மாதிரி கேட்டுச்சு, எனக்கோ பக்கத்துல ஒண்ணுமே கேக்கல. கீபோர்டு சரியில்லையா?

கீபோர்டு நல்லாத்தான் இருக்கு, ஒயர்தான் தப்பு. இதுக்குத்தான் தலைப்புலயே பின்பக்கம் பாருங்கன்னு போட்டேன். முன்னாடி பட்டன் எத்தனை இருந்தாலும் பின்னாடி இருக்கற ஓட்டைகள்தான் உங்க கீபோர்டு எங்க எல்லாம் போக முடியும்னு முடிவு பண்ணுது.

உங்களோடதுல தனி அவுட்புட் இருக்காது, ஹெட்போன் ஜாக்குதான் அவுட்புட்டும். அது ஸ்டீரியோ, இடது சவுண்டும் வலது சவுண்டும் ஒரே பின்னுல ரெண்டு வளையத்துல வரும். மிக்ஸர்ல இருக்கற இன்புட்டோ பேலன்ஸ்டு மோனோ, ஒரே ஒரு சவுண்டைத்தான் எதிர்பார்க்கும். ரெண்டு பக்கமும் மூணு பட்டை பின்னு வச்ச ஒயரைச் செருகினா மிக்ஸர் அதை ஒரே சிக்னலோட நேர் பக்கம், எதிர்ப் பக்கம்னு நினைச்சுக்கிட்டு ஒண்ணுல இருந்து இன்னொண்ணைக் கழிச்சிடும். இடதுலயும் வலதுலயும் பொதுவா இருக்கறது, அதாவது நடுவுல நிக்கற சவுண்டு பூரா, காணாம போயிடும், ஓரத்துல இருக்கற எக்கோ மட்டும் மிஞ்சும். நீங்க கேட்ட "தூரத்துல வாசிக்கற" சவுண்டு அதுதான். ஒரு முனைல ஸ்டீரியோ பின்னு, மறு முனைல ரெண்டு மோனோ பின்னுன்னு பிரியற ஒய்-கேபிள் வாங்கி மிக்ஸர்ல ரெண்டு சேனல்ல கொடுங்க, சரியாயிடும். அடுத்த தடவை கீபோர்டு மாத்தினா பின்னாடி எல், ஆர்னு தனித்தனி அவுட்புட் இருக்கறதா பாருங்க, எல் மட்டும் செருகினாலே மோனோவா முழு சவுண்டும் வரும்.

பக்கத்துல கேக்காததும் இதே ஜாக்காலதான், ஹெட்போன் ஓட்டைல எதைச் செருகினாலும் உள் ஸ்பீக்கர் ஆஃப் ஆயிடும். சவுண்டு சர்வீஸ்காரர்கிட்ட மானிட்டர் ஸ்பீக்கர் ஒண்ணு உங்க பக்கம் திருப்பி வைக்கச் சொல்லுங்க, கூச்சப்படாம கேளுங்க.

'ம்ம்ம்'னு ஹம் சத்தம் வந்தா அடாப்டரைக் கழட்டிட்டு பேட்டரில ஓட்டிப் பாருங்க, நின்னுடுச்சுன்னா கரண்ட் லைன் எர்த்லயோ அடாப்டர்லயோதான் பிரச்சனை, அன்னிக்கு பேட்டரிலயே வாசிச்சிடலாம். அதனால பேட்டரி போடற வசதி இருக்கற மாடலா வாங்குங்க, நிறைய 61 கீ கீபோர்டு 6 டபுள்-ஏ பேட்டரில ஓடும். அப்புறம் ஆட்டோ பவர் ஆஃப். மேடைல பேச்சு நீண்டுக்கிட்டே போகும், அரை மணி நேரம் யாரும் தொடலன்னா கீபோர்டு தானா அணைஞ்சு, நீங்க பொறுமையா செட் பண்ணி வச்ச டோன், டெம்போ எல்லாம் போயிடும். முதல் வேலையா அதை ஆஃப் பண்ணுங்க. யமஹா பிஎஸ்ஆர்-இ வரிசைல இடது கோடில இருக்கற கடைசிக் கீய அமுக்கிக்கிட்டே ஆன் பண்ணா போதும். ரெஜிஸ்ட்ரேஷன் மெமரி இருந்தா பாட்டு வாரியா செட்டிங்கை அதுல போட்டு வச்சிடுங்க.

கேள்வி: பழசு ஒண்ணு விலைக்கு வருது, எதை செக் பண்ணணும்?

எல்லாக் கீயையும் இந்தக் கோடில இருந்து அந்தக் கோடி வரைக்கும், கருப்புக் கீயும் சேர்த்து, முதல்ல பூ மாதிரி மெதுவா, அப்புறம் அழுத்தி அமுக்குங்க. விக்கறவர் முகம் சுளிச்சாலும் விடாதீங்க. மெதுவா அமுக்கறப்போ ஒரு கீ மட்டும் திடீர்னு கத்துச்சுன்னாலோ, ரெண்டு தடவைக்கு ஒரு தடவைதான் பேசுதுன்னாலோ கீழ இருக்கற ரப்பர் கான்டாக்ட்ல அழுக்கு. பெரும்பாலும் கழட்டித் துடைச்சா சரியாகற சமாச்சாரம்தான், ஆனா விலையைக் குறைச்சுக் கேக்க நல்ல காரணம். வால்யூமைத் திருகினா கரகரன்னு வருதா, பேட்டரிப் பெட்டில பச்சையா பூத்திருக்கான்னும் பாருங்க.

அடாப்டர் கூட வரலன்னா கைல கிடைச்சதைச் செருகிப் பாக்காதீங்க, தயவுசெஞ்சு. யமஹா 61 கீ மாடல் நிறைய 12 வோல்ட், பின்னு நடுவுல பாசிட்டிவ். கேசியோவோட பழைய 9 வோல்ட் அடாப்டர்ல நடுவுல நெகட்டிவ், புதுசுல 9.5 வோல்ட், நடுவுல பாசிட்டிவ். பின்னு உள்ள போகுதுன்றதுக்காக பொருந்துதுன்னு அர்த்தமில்ல, தப்பா மாட்டினா போர்டே போயிடலாம். ஜாக் பக்கத்துல வட்டமும் பிளஸ் மைனஸும் போட்டு சின்னப் படம் இருக்கும், அதையும் அடாப்டர் மேல இருக்கற படத்தையும் ஒத்துப் பாத்துட்டு மாட்டுங்க.

கேள்வி: பெடல் வாங்கினேன், மிதிச்சா சவுண்டு கட் ஆகுது, காலை எடுத்தா நீளமா கேக்குது. ரிட்டர்ன் பண்ணவா?

வேண்டாம். பெடல்ல ரெண்டு ஜாதி, ஒண்ணு மிதிச்சா இணையும், இன்னொண்ணு மிதிச்சா பிரியும். அடியில சின்ன ஸ்விட்ச் இருந்தா தள்ளி விடுங்க. இல்லன்னா கீபோர்டை ஆஃப் பண்ணி, பெடலைச் செருகி, கால் வைக்காம ஆன் பண்ணுங்க, நிறைய கீபோர்டு ஆன் ஆகறப்போ பெடல் எப்படி இருக்கோ அதைத்தான் 'மிதிக்காத நிலை'ன்னு எடுத்துக்கும்.

கேள்வி: கீ லைட் எரியற மாடல் குழந்தைக்கு சீக்கிரம் கத்துக்கொடுக்குமா?

பாட்டு சீக்கிரம் வரும், வாசிக்க வராது. லைட்டைத் துரத்தற விளையாட்டா ஆயிடும். அந்தக் காசை நல்ல ஸ்டாண்டுல போடுங்க, கட்டில் மேல வச்சு குனிஞ்சு வாசிக்கறதைப் பாத்தா எனக்கே முதுகு வலிக்குது.

கேள்வி: கம்ப்யூட்டர்ல கனெக்ட் பண்ண முடியுமா? ராத்திரி ப்ராக்டிஸுக்கு ப்ளூடூத் ஹெட்போன் ஓகேவா?

பின்னாடி கம்ப்யூட்டருக்குப் போற யூஎஸ்பி ஓட்டை (யமஹால 'டு ஹோஸ்ட்'னு போட்டிருக்கும்) இருந்தா முடியும், ரொம்ப ஆரம்ப மாடல் சிலதுல அது இருக்காது. அதுல ஓடறது கருவிங்க ஒண்ணோட ஒண்ணு பேசிக்கறதுக்காக 1983ல வந்த அதே மிடி பாஷைதான். ஒவ்வொரு கம்பெனியும் தனித்தனியா பேசிக்கிட்டு இருந்ததை ஒண்ணாக்கினதுக்காக சிந்தசைசர் பண்ணிக்கிட்டிருந்த டேவ் ஸ்மித்துக்கும் ரோலண்ட் கம்பெனிய ஆரம்பிச்ச இகுதாரோ காகேஹாஷிக்கும் 2013ல டெக்னிகல் கிராமி கொடுத்தாங்க, 30 வருஷம் கழிச்சு!

ப்ளூடூத் ஹெட்போன் வேண்டாம். கீய அமுக்கினதுக்கும் காதுல விழறதுக்கும் நடுவுல ஒரு சின்னத் தாமதம் வரும், பாட்டு கேக்கறப்போ அது தெரியாது, வாசிக்கறப்போ கை தன்னால இழுத்து இழுத்து வாசிக்க ஆரம்பிச்சிடும், அப்புறம் தாளம் ஏன் நிக்கலன்னு தேடிக்கிட்டு இருப்பீங்க. ஒயர் ஹெட்போனே வாங்குங்க, ஜாக்கு 3.5 மில்லிமீட்டரா 6.3 மில்லிமீட்டரான்னு பாத்துட்டு தேவைப்பட்டா கன்வெர்ட்டர் ஒண்ணும் சேர்த்து வாங்கிடுங்க.