விசிட் விசாவில் தம்பியைத் துபாய்க்கு அனுப்பலாமா?

சகோதரி, எட்டாவது வரை படித்த தம்பியைத் துபாய் வேலைக்கு விசிட் விசாவில் அனுப்ப குடியாத்தம் ஏஜென்ட் ஒன்றரை லட்சம் கேட்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து பணம் கட்டாதீர்கள்.

விசிட் விசாவில் வேலை செய்வது அங்கே சட்டவிரோதம். "போனதும் மாத்திக்கலாம்" என்பார்கள். மாற்றித் தராவிட்டால் தம்பி சம்பளம் கேட்டுக்கூட வாய் திறக்க முடியாது. பத்தாவது தேறாததால் அவர் பாஸ்போர்ட் இசிஆர் வகை, அதாவது வேலைக்கு வெளிநாடு போக அரசின் அனுமதி தேவைப்படும் வகை. அமீரகம், சவுதி, மலேசியா உட்பட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக இவர்களுக்குக் குடிபெயர்வு அனுமதி கட்டாயம். அதைத் தவிர்க்கத்தான் இந்தக் குறுக்குவழி.

ஏஜென்டிடம் பதிவு எண் கேளுங்கள். மத்திய அரசின் இ-மைகிரேட் இணையதளத்தில் தேடினால் உரிமம் நடப்பில் உள்ளதா என்று தெரிந்துவிடும். வேலூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் போர்டு மாட்டியிருப்பதெல்லாம் பதிவு ஆகாது. சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாய், அதற்கு மேல் ஜிஎஸ்டி மட்டும். ரசீது தராதவரிடம் பேச்சே வேண்டாம்.

முறையாகப் போனால் பிரவாசி பாரதிய பீமா காப்பீடும் உண்டு. இரண்டு வருடத்துக்கு 275 ரூபாய்தான், விபத்தில் உயிரிழந்தால் குடும்பத்துக்கு 10 லட்சம்.

அப்புறம், தறியில் உட்கார்ந்து வந்த முதுகுவலிக்குத் தம்பி மாத்திரை சாப்பிடுகிறார் என்றீர்களே, அந்த அட்டையைத் திருப்பிப் படியுங்கள். டிராமடால், கோடீன் என்று இருந்தால் அங்கே கட்டுப்படுத்தப்பட்ட மருந்து; மருந்துச்சீட்டும் முன் அனுமதியும் இல்லாமல் பெட்டியில் வைக்கவே கூடாது. டாக்டரிடம் சொல்லி இப்போதே வேறு மாத்திரைக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

துபாயில் சிக்கல் வந்தால் இந்தியர்களுக்கான இலவச உதவி எண் 80046342. தம்பியின் போனிலும் உங்கள் போனிலும் பதிந்து வையுங்கள்.