மேக்னம் ரிவால்வர்: சிங்கிளா, டபுளா?

கேள்வி: அமெரிக்காவில் வசிக்கிறேன். இலக்குப் பயிற்சிக்கும் காட்டு நடைக்கும் .357 மேக்னம் (அதிக விசையுள்ள தோட்டா வகை) ரிவால்வர் வாங்க எண்ணம். சிங்கிள் ஆக்‌ஷனா, டபுள் ஆக்‌ஷனா?

பதில்: ஒன்றுதான் வாங்குவதென்றால் டபுள் ஆக்‌ஷன். டிரிகரை இழுத்தாலே சுத்தியல் பின்னேறிச் சுடும். நிதானமாகக் குறிபார்க்க, கட்டைவிரலால் சுத்தியலை ஏற்றிக்கொண்டும் சுடலாம். அப்போது டிரிகர் லேசாக இருக்கும். காலி ஓடுகளைத் தள்ளும்போது குழல்முனை வானம் பார்க்கட்டும். சாய்த்துத் தள்ளினால் எரியாத மருந்துத் துகள், ஓடுகளை வெளியே தள்ளும் நட்சத்திர வடிவத் தகட்டின் அடியில் சிக்கி, தோட்டா அறைகள் கொண்ட உருளை இறுகிவிடும். பலர் இதைத் துப்பாக்கியின் கோளாறு என்று நினைத்துவிடுகிறார்கள். துகளைத் துடைத்தெடுக்கப் பழைய பல் துலக்கும் பிரஷ் போதும்.

சிங்கிள் ஆக்‌ஷனில் ஒவ்வொரு முறையும் சுத்தியலைக் கையால்தான் ஏற்ற வேண்டும். தோட்டாவும் ஒவ்வொன்றாகத்தான் போடணும், எடுக்கணும். ஆனால் அதன் வளைந்த கைப்பிடி உள்ளங்கையில் உருள்வதால், .44 மேக்னத்தின் உதைகூடப் பலருக்குத் தாங்கும்படி இருக்கும்.

செகண்ட் ஹேண்ட் வாங்கினால் கவனம்! ரூகர் நிறுவனத்தின் சிங்கிள் ஆக்‌ஷன் ரிவால்வரான பிளாக்ஹாக்கில் தவறி விழுந்தாலும் வெடிக்காத பாதுகாப்புத் தகடு வந்தது 1973-இல். அதற்கு முந்தையது, மாற்றியமைக்கப்படாததென்றால், ஐந்து தோட்டா மட்டுமே போடணும். சுத்தியலுக்கு நேரான அறை கட்டாயம் காலியாக இருக்க வேண்டும்.