‘விம்: கமாண்ட் நாட் ஃபவுண்ட்’ என்று லினக்ஸ் சொல்வது ஏன்?

கோயமுத்தூர்ப் பக்கம் கல்லூரி லேபில் முதன்முதலாக உபுண்டு என்ற லினக்ஸ் வகையைத் திறப்பவர்கள் பலரும் கேட்பது இது: கட்டளைகளைத் தட்டும் டெர்மினலில் விம் என்று அடித்தால் ‘கமாண்ட் நாட் ஃபவுண்ட்’ என்று வருகிறது, என்ன செய்வது?

விம் என்பது டெர்மினலுக்குள்ளேயே கோப்புகளைத் திருத்தும் எடிட்டர்; 1991-ல் வெளியானது. ‘நீங்கள் சொன்ன பெயரில் ஒரு நிரல், நான் தேடிய இடங்களில் இல்லை’ என்பதுதான் அந்தச் செய்தியின் பொருள். ‘தேடிய இடங்களில்’ என்பதைக் கவனியுங்கள். நீங்கள் அடிக்கும் கட்டளையை வாங்கி இயக்கும் நிரலான ஷெல், கணினி முழுவதையும் துழாவாது. ‘பாத்’ என்ற பட்டியலில் உள்ள ஃபோல்டர்களை மட்டும் வரிசையாகப் பார்க்கும்.

பொள்ளாச்சிச் சந்தைக்கு நாட்டுச் சர்க்கரை வாங்க ஒரு பையனை அனுப்புகிறீர்கள். ‘இந்த நாலு கடையில் மட்டும் கேள்’ என்று சொல்லிவிட்டீர்கள். ஐந்தாவது கடையில் மூட்டை மூட்டையாக அடுக்கியிருந்தாலும் அவன் ‘இல்லீங்க’ என்றுதான் திரும்பி வருவான். ஷெல்லும் அப்படித்தான்.

ஆனால் பெரும்பாலும் காரணம் இன்னும் எளிது: விம் நிறுவப்படவே இல்லை. உபுண்டுவில் முதலில் ‘சுடோ ஆப்ட் அப்டேட்’, அப்புறம் ‘சுடோ ஆப்ட் இன்ஸ்டால் விம்’ என்று டெர்மினலில் அடித்து நிறுவுங்கள். லேபில் நிறுவ அனுமதி இல்லையா? சரி, நானோ என்ற இன்னொரு எடிட்டர் அனேகமாக இருக்கும், அதில் வேலையை முடியுங்கள். பெயரைப் பெரிய எழுத்தில் அடித்தாலும் இதே பிழை வரும், அதையும் ஒருமுறை பாருங்கள்.

விம்முக்கு முன்னோடியான எடிட்டர் வி.ஐ. ‘வி.ஐ. என்று அடித்தால் திறக்கிறதே, அப்படியானால் விம் இருக்கத்தானே வேண்டும்’ என்று பலர் நினைக்கிறார்கள். உபுண்டுவில் அந்தப் பெயரில் திறப்பது பொதுவாக ‘விம் டைனி’ என்ற சுருக்கப் பதிப்பு, முழு விம்மைத் தனியாகத்தான் நிறுவ வேண்டும்.