ரேஸ் டிராக்கில் ஸ்போர்ட்ஸ் கார்: வாசகர் கேள்விகள்

கேள்வி: பல ஆண்டுகளாக விபத்தின்றிக் கார் ஓட்டி வருகிறேன். அண்மையில் ஸ்போர்ட்ஸ் கார் வாங்கியிருக்கிறேன். ரேஸ் டிராக்கில் நடக்கும் உயர்திறன் ஓட்டுநர் பயிற்சியில் சேரும்படி நண்பர்கள் வற்புறுத்துகிறார்கள். எனக்குத் தெரியாத எதை அங்கே கற்றுத் தருவார்கள்?

பதில்: விபத்தின்றி ஓட்டி வந்திருப்பது பெருமைக்குரியதுதான். ஆயினும் சாலையில் நிதானமாக ஓட்டுகிறவர் தம் டயர்களின் பிடிப்பில் சிறு பகுதியைத்தான் அன்றாடம் பயன்படுத்துகிறார். அந்தப் பிடிப்பு எங்கே முடிகிறது, முடியும்போது கார் என்ன செய்யும் என்பதை, ஏதேனும் குறுக்கே வந்து விழும் நொடியில்தான் அவர் முதன்முதலாகச் சந்திக்க நேர்கிறது. அந்த முதல் சந்திப்பை, எதிரே வண்டி வராத, ஓரத்தில் காலியிடம் விடப்பட்ட, பக்கத்து இருக்கையில் பயிற்றுநர் அமர்ந்திருக்கும் இடத்தில் நடத்தி வைப்பதுதான் இந்தப் பயிற்சியின் முதன்மையான பயன் என்று நான் கருதுகிறேன்.

முதலில் உங்களைத் திருத்தப்போவது பிரேக். நம்மில் பெரும்பாலோர் பிரேக்கை மெல்ல மிதிக்கத் தொடங்கி, நிற்காதோ என்ற அச்சம் எழ எழ அழுத்தத்தைக் கூட்டுகிறோம். டிராக்கில் இதைத் தலைகீழாகச் செய்யப் பழக்குவார்கள். கார் நேராகச் செல்லும்போதே, ஆரம்பத்திலேயே உறுதியாக அழுத்தி, வேகம் குறையக் குறைய அழுத்தத்தைத் தளர்த்திக்கொண்டே வந்து, வளைவின் வாயிலில் பெடலை மெதுவாக விட வேண்டும். ஓடும் காரின் இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப உயர்கிறது. மணிக்கு 100 கிலோமீட்டரிலிருந்து 140 கிலோமீட்டருக்கு வேகம் கூடினால், பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் ஏறத்தாழ இரு மடங்காகிவிடுகிறது. 180 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடி தயங்கினால் 50 மீட்டர் போய்விடும். 1978-இல் மெர்சிடிஸ் எஸ் கிளாஸ் காரில் அறிமுகமாகிப் பின்னர் எங்கும் பரவிய ஏபிஎஸ், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும். ஆனால், தாமதமாக மிதித்த காலுக்கு இழந்த தூரத்தை அது திருப்பித் தராது.

அடுத்தது கண். கார் கண் போகும் வழியில்தான் போகும் என்பதைப் பயிற்றுநர்கள் ஓயாமல் சொல்வார்கள், அது முழு உண்மை. புதிதாக வருகிறவரின் பார்வை முன்கண்ணாடிக்கு அப்பால் சில மீட்டர் தொலைவில் ஒட்டிக்கிடக்கும். தோள்கள் உயர்ந்து, ஸ்டீயரிங்கைப் பிடித்த விரல் முட்டிகள் வெளுத்திருக்கும். பயிற்றுநர் எதுவும் பேசாமல் கையை நீட்டிப் பக்கச் சன்னல் வழியே, வளைவு முடியும் இடத்தைச் சுட்டிக் காட்டுவார். தலையைத் திருப்பி அங்கே பார்த்த மறுகணமே கைகள் தளர்ந்து, கார் ஒரே இழைப்பில் திரும்புவதைக் காணலாம். சறுக்கும் காரில் தடுப்புச் சுவரையே வெறித்துப் பார்ப்பவர் அதன்மீதே போய் மோதுவதும் இதே காரணத்தால்தான்.

மூன்றாவது, வளைவில் செல்ல வேண்டிய பாதை. வெளி ஓரத்தில் நுழைந்து, உள் ஓரத்தைத் தொட்டு, மறுபடியும் வெளி ஓரத்துக்கு வந்தால் வளைவின் ஆரம் பெரிதாகிறது. டயரின் பிடிப்பு ஒரு ஜி, அதாவது காரின் எடைக்குச் சமமான விசை, என்று கொண்டால், 50 மீட்டர் ஆரத்தில் ஏறத்தாழ 80 கிலோமீட்டர் வேகம் தாங்கும். அதே வளைவில் பாதையை 72 மீட்டர் ஆரமாக விரித்துக்கொண்டால் 96 வரை தாங்கும். உள் ஓரத்தைத் தொடும் அந்த முனைக்கு அபெக்ஸ் என்று பெயர். தொடக்க நிலையில் அதைச் சற்றுத் தாமதமாகத் தொடும்படி சொல்வார்கள். முன்கூட்டியே தொட்டுவிட்டால் வெளியேறும் இடத்தில் தடம் தீர்ந்துபோகும்.

ஒன்றை மட்டும் தெளிவாக மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள்: இது பந்தயம் அல்ல. ஒரு சுற்றுக்கு எத்தனை நொடி என்று அளப்பதைப் பல பயிற்சிகளில் தடையே செய்திருப்பார்கள். முன்னே செல்பவர் கைகாட்டி வழிவிட்டால் மட்டுமே, அதுவும் அனுமதித்த நேர்ப்பகுதியில் மட்டுமே, முந்தலாம் என்பது பொதுவான விதி. மஞ்சள் கொடி கண்டால் முன்னே ஆபத்து, முந்தக் கூடாது. நீலக் கொடி பின்னால் வேகமான கார் வருவதைச் சொல்வது. சிவப்புக் கொடிக்கு உடனே நிற்பதா, தடத்தின் ஓரத்தில் கார்கள் நிறுத்தும் இடமான பிட்டுக்கு மெல்லத் திரும்புவதா என்பது இடத்துக்கு இடம் மாறும் என்பதால், காலை வகுப்பில் அதைக் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

கேள்வி: வளைவின் நடுவில் பயம் வந்தால் ஆக்சிலரேட்டரிலிருந்து காலைச் சட்டென எடுக்கக் கூடாது என்கிறார்கள். வேகத்தைக் குறைப்பது எப்படி ஆபத்தாகும்?

பதில்: டயரின் பிடிப்பு ஓர் எல்லைக்கு உட்பட்டது, பிரேக் போடுவதற்கும் திரும்புவதற்கும் அந்த ஒரே பிடிப்பைத்தான் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். வளைவில் முழு வேகத்தில் திரும்பிக்கொண்டிருக்கும் காரில் காலைச் சட்டென எடுத்தால் எடை முன்சக்கரங்களின் மேல் சாய்கிறது. முன்பக்கம் தரையை நன்றாகப் பற்ற, எடை குறைந்த பின்சக்கரங்கள் பிடிப்பை இழந்து பக்கவாட்டில் விலகுகின்றன. இதுவே ஓவர்ஸ்டியர். போர்ஷே 911 போல எஞ்சின் பின் அச்சுக்கும் பின்னால் அமைந்த காரில், கனமான பின்பக்கம் ஊசலைப் போல வீசிக்கொண்டு வரும். பழைய 911 கார்களுக்குக் கடினமானவை என்ற பெயர் ஏற்பட்டதற்கு இதுவே காரணம்.

வேகம் அதிகம் என்று தோன்றினால் காலைப் படிப்படியாகத் தளர்த்துங்கள், பார்வையை வெளியேறும் இடத்தில் வையுங்கள். பின்பக்கம் விலகிவிட்டால், அது விலகும் பக்கமாகவே ஸ்டீயரிங்கைத் திருப்பி, கார் நேராகத் தொடங்கும்போதே தாமதமின்றித் திருப்பத்தை மீட்டுக்கொள்ள வேண்டும். இனி மீட்க முடியாது, சுழலத் தொடங்கிவிட்டது என்றால் கிளட்சையும் பிரேக்கையும் முழுதாக மிதித்துவிடுங்கள். கார் எந்தத் திசையில் போகும் என்று பின்னால் வருபவர் கணிக்க அது ஒன்றே வழி.

இதைவிடவும் முக்கியமாக நான் கருதுவது, இரண்டு சக்கரங்கள் தடத்தை விட்டுப் புல்லில் இறங்கிவிடும் தருணத்தைத்தான். அப்போது பதறி ஸ்டீயரிங்கை உள்ளே வெட்டினால், சக்கரங்கள் தார்ப்பரப்பில் ஏறிய கணத்தில் திடீரெனப் பிடிப்புக் கிடைத்து, கார் தடத்துக்குக் குறுக்கே பாய்ந்து எதிர்ப்புறச் சுவருக்குப் போய்விடும். நேராகவே விட்டு, வேகம் தணிந்த பின் மெல்ல மேலேறுங்கள். சில மீட்டர் புல்லில் ஓடுவதால் கெட்டுப்போவது ஒன்றுமில்லை.

கேள்வி: காரை எப்படித் தயார் செய்ய வேண்டும்? நான் அணிய வேண்டியவை என்ன?

பதில்: எதைத் தள்ளிப்போட்டாலும் பிரேக் ஆயில் மாற்றுவதைத் தள்ளிப்போடாதீர்கள். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. டாட் 4 வகையின் கொதிநிலை புதிதாக இருக்கையில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும் என்பது தரவிதி. ஈரம் ஏறிய நிலைக்கு அந்த விதி கேட்பது 155 டிகிரி மட்டுமே. அடுத்தடுத்து அழுத்தி பிரேக் போடும் டிராக்கில் அந்த வெப்பம் எளிதில் எட்டப்படும். ஆயில் கொதித்துக் குழாய்க்குள் ஆவிக்குமிழிகள் உண்டானால், கெட்டியாக இருந்த பெடல் கால் அழுத்திய மட்டும் பஞ்சாக உள்ளே போகும், கார் நிற்காது. பெடல் முன்பைவிட ஆழமாக இறங்குவதாக உணர்ந்தாலே வேகத்தைக் குறைத்துப் பிட்டுக்கு வந்துவிடுங்கள்.

பிரேக் பேட் தடிமன், டயரின் நிலை, சக்கர நட்டுகளின் இறுக்கம் ஆகியவற்றை ஒரு மெக்கானிக்கிடம் காட்டிச் சரிபாருங்கள். டயர் சூடேறும்போது காற்றழுத்தம் உயரும் என்பதால், ஒவ்வொரு சுற்றுத் தொகுதிக்குப் பிறகும் அளந்து சரிசெய்ய வேண்டியிருக்கும். தரைவிரிப்பு, தண்ணீர் பாட்டில், டிக்கியிலுள்ள சாமான் எல்லாவற்றையும் இறக்கிவிடுங்கள். முதுகு இருக்கையில் ஒட்டியிருக்க, நீட்டிய கையின் மணிக்கட்டு ஸ்டீயரிங்கின் மேல் விளிம்பில் படியும்படி இருக்கையை அமைத்துக்கொள்ளுங்கள். ஹெல்மெட்டைப் பொறுத்தவரை, ஸ்நெல் என்ற ஹெல்மெட் பாதுகாப்புச் சான்றில் கார்ப் பந்தயத்துக்கான எஸ்ஏ என்ற வகைக்குத் தீத்தடுப்புச் சோதனை உண்டு, மோட்டார் சைக்கிளுக்கான எம் வகைக்கு இல்லை. கடைசிச் சுற்றைப் பிரேக் அதிகம் தொடாமல் மெதுவாக ஓட்டிச் சூடு தணித்து, நிறுத்திய பின் ஹேண்ட் பிரேக் போடாமல் கியரில் விடுங்கள். மேலும், சாதாரணக் கார் காப்பீடு பல நேரங்களில் டிராக்கில் நேரும் சேதத்தை ஏற்பதில்லை. பத்திரத்தை எடுத்துப் படித்துவிட்டுப் புறப்படுங்கள்.

கேள்வி: சறுக்கலைத் தடுக்கும் மின்னணு வசதியை அணைத்துவிட்டு ஓட்டினால்தான் உண்மையாகக் கற்க முடியும் என்கிறார் நண்பர். சரியா?

பதில்: சரியல்ல. அதை அப்படியே இயங்க விடுங்கள். அது குறுக்கிடும்போது ஓட்டுநர் முன்னுள்ள பலகையில் ஒரு விளக்கு மினுக்கும். அப்படி மினுக்கும் ஒவ்வோர் இடமும் உங்கள் கையோ காலோ முரட்டுத்தனமாக நடந்துகொண்ட இடம் என்று கொண்டு, ஏன் மினுக்கியது என்று பயிற்றுநரிடம் கேளுங்கள். விளக்கு மினுக்காமலே அதே வேகத்தில் சுற்றி வர முடிகிறபோது, அணைப்பதைப் பற்றி அவரே பேசுவார். சறுக்கலை அனுபவித்துப் பார்க்க, தண்ணீர் விட்ட வட்டத் திடலில் குறைந்த வேகத்தில் தனிப்பயிற்சி தருகிறார்கள், அங்கே அணைத்துப் பாருங்கள்.

கேள்வி: என் மகளும் சேர விரும்புகிறாள். அவளிடம் இருப்பது சிறிய கார். என் ஸ்போர்ட்ஸ் காரையே அவளுக்கும் தரலாமா?

பதில்: அவளுடைய காரிலேயே ஓட்டட்டும். ஆற்றல் மிகுந்த கார், வளைவில் செய்த பிழையை அடுத்த நேர்ப்பகுதியில் மூடி மறைத்துவிடும். சிறிய காரில் வளைவிலிருந்து சற்று மெதுவாக வெளிவந்தாலும் அந்த நேர்ப்பகுதி முழுவதும் அதன் விளைவு தெரியும். பாதை தப்பியதை அவளே உணர்வாள். பிரேக்குக்கும் டயருக்கும் அதில் சூடு குறைவாகவே ஏறும் என்பதால், இடையில் நிற்காமல் அதிகச் சுற்றுகள் பழகவும் முடியும். பிரேக் ஆயில் மட்டும் அவள் காருக்கும் புதிதாக மாற்றியிருக்க வேண்டும்.