கேள்வி-பதில்: குறட்டையும் சிறுநீரகமும்

கணவருக்குப் பத்து ஆண்டாகச் சர்க்கரை நோய். பலமாகக் குறட்டை விடுவார். திடீரென மூச்சு நின்று, திடுக்கிட்டு விழிக்கிறார். இதற்கும் சிறுநீரகத்துக்கும் சம்பந்தம் உண்டா? (வாசகி, செபராங் ஜெயா)

உண்டு அம்மா. தொண்டை மூடிக்கொள்ளும் ஒவ்வொரு முறையும் ஆக்சிஜன் குறைகிறது; உடல் பதறி அட்ரினலினைக் கொட்டுகிறது. இரவில் இறங்கவேண்டிய இரத்த அழுத்தம் ஏறுகிறது. சர்க்கரையால் ஏற்கெனவே நைந்துபோன சிறுநீரக வடிகட்டியில் அந்த அடியும் விழுகிறது. கைத்தொலைபேசியில் இரண்டு நிமிடம் பதிவு செய்து மருத்துவரிடம் காட்டுங்கள். சத்தத்தைவிட, நடுவில் வரும் அந்த அமைதிதான் அவருக்கு வேண்டும். தூக்கப் பரிசோதனைக்கு அவரே எழுதித் தருவார்.

இரவில் நான்கு முறை சிறுநீர் கழிக்க எழுகிறேன். காலைச் சர்க்கரை 6.5 மில்லிமோல்தான், புரோஸ்டேட்டும் சரியாக இருக்கிறது என்கிறார்கள். (செந்தூல்)

குறட்டை உண்டா என்று மனைவியிடம் கேளுங்கள். தூக்கத்தில் மூச்சு அடைபடும்போது இதயம் சுரக்கும் ஒரு ஹார்மோன், உப்பையும் நீரையும் வெளியேற்றும்படி சிறுநீரகத்தை ஏவும்.

சர்க்கரை கொஞ்சம் அதிகம், குறட்டையும் கொஞ்சம். என்ன செய்யலாம்? (முகவரி இல்லை)

‘கொஞ்சம்’ எந்தக் கிளினிக்கில் அளந்தது? எச்பிஏ1சி (மூன்று மாதச் சர்க்கரையின் சராசரி), இரத்த அழுத்தம், எடை, கழுத்துச் சுற்றளவு எல்லாவற்றையும் எழுதி மறுபடி அனுப்புங்கள். ஆண்களுக்குக் கழுத்து 17 அங்குலத்தைத் தாண்டினால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும்.

இரத்தத்தில் கிரியேட்டினின் (சிறுநீரகம் வடிகட்டும் கழிவு) நார்மல். ஆண்டுதோறும் சிறுநீரையும் சோதிக்கச் சொல்கிறார்கள். வீண் செலவுதானே? (பட்டர்வொர்த்)

இந்தக் கேள்வி வராத மாதமே இல்லை. ஐயா, கிரியேட்டினின் சோம்பேறிக் காவலாளி. திருடன் பாதி வீட்டைக் காலி செய்த பிறகுதான் விசில் ஊதுவான். சிறுநீரகத்தின் வேலைத்திறன் ஏறக்குறையப் பாதி போகும்வரைகூட அந்த எண் நார்மலாகவே நிற்கலாம். ரிப்போர்ட்டில் சிவப்பு எழுத்து இல்லை என்று நிம்மதியாக ரொட்டி சானாய்க்குப் போனவர்கள், சில ஆண்டுகள் கழித்து டயாலிசிஸ் நாற்காலியில் அமர்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். மலேசியாவில் புதிதாக டயாலிசிஸ் தொடங்குவோரில் பாதிக்கு மேல் சர்க்கரை நோயாளிகள்தான்.

முதலில் கசிவது அல்புமின் என்ற புரதம். அதைக் காட்டுவது சிறுநீரின் ஏசிஆர் (அல்புமின்-கிரியேட்டினின் விகிதம்) சோதனை. மில்லிகிராம்/மில்லிமோல் அலகில் 3-க்குள் நல்லது, 3 முதல் 30 வரை எச்சரிக்கை, அதற்கு மேல் அவசரம். ஒரே சோதனையை வைத்து அழவும் வேண்டாம், ஆடவும் வேண்டாம். ஆறு மாதத்துக்குள் மூன்றில் இரண்டு முறை கூடியிருந்தால்தான் கணக்கு. காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, கடும் உடற்பயிற்சி எல்லாம் அதை ஏற்றிக்காட்டும். தைப்பூசத்தன்று பினாங்குத் தண்ணீர்மலைக் கோயிலின் ஐந்நூறு படிகளையும் ஏறிவிட்டு மறுநாளே போத்தலை நீட்டினால், அங்கே தெரிவது உங்கள் பக்தி. ஒரு வாரம் கழித்துக் கொடுங்கள்.

இன்னொன்று: பாதி வெட்டிய ரிப்போர்ட் படங்களை எனக்கு அனுப்பாதீர்கள். அலகு தெரியாத எண்ணை வைத்து ஜோதிடம்தான் சொல்ல முடியும்.

சர்க்கரை மாத்திரை மெட்ஃபார்மின் சிறுநீரகத்தைக் கெடுக்குமா? (கெப்போங்)

கெடுக்காது. இஜிஎஃப்ஆர் (சிறுநீரகம் வடிகட்டும் வேகம்) 45-க்குக் கீழே போனால் அளவைக் குறைப்போம், 30-க்குக் கீழே நிறுத்துவோம், அவ்வளவுதான். கெடுப்பவை, மூட்டுவலிக்கு மாதக்கணக்கில் விழுங்கும் வலி மாத்திரைகளும் பெயரில்லாத பொடிப் பொட்டலங்களும். எந்த மருந்தையும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

தூக்கம் கலையாமலிருக்க மாத்திரை போடலாமா? (ஆயிர் ஈத்தாம்)

கூடாது. தொண்டைத் தசை இன்னும் தளரும். பீருக்கும் இதே பதில்.

தூங்கும்போது முகமூடி வழியே காற்றை அழுத்தித் தொண்டையைத் திறந்துவைக்கும் சீபாப் இயந்திரம் வாங்கினேன். முகமூடி உறுத்துகிறது, அலமாரிக்கு மேல் வைத்துவிட்டேன். எடையைக் குறைத்தால் போதாதா? லாரி ஓட்டுகிறேன். (பிறை)

எடையில் பத்து விழுக்காடு குறைந்தால் மூச்சுத்தடை ஏறக்குறைய கால் பங்கு குறையும். நல்லதுதான், ஆனால் அதற்கு மாதங்கள் ஆகும். இயந்திரம் சிறுநீரகத்தைக் காப்பாற்றும் என்று உறுதியாகச் சொல்ல ஆய்வுகள் இன்னும் போதவில்லை. ஆனால் இரத்த அழுத்தம் சற்று இறங்கும், பகல் தூக்கம் விலகும். முகமூடியில் அளவுகள் பல உண்டு. வாங்கிய இடத்துக்கே எடுத்துப்போய் மாற்றுங்கள். இரவுக்கு நான்கு மணி நேரமாவது அணியவேண்டும். அதுவரை வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் இரவு ஓட்டத்தை ஏற்காதீர்கள். கண் சொருகுகிறது என்பதை மருத்துவரிடமும் மறைக்காதீர்கள்.