பஸ்ஸில் உருகும், பஸ்ஸில் உறையுமா?

கேள்வி: போன சனிக்கிழமை மட்டக்களப்பு டவுனில் ஒரு சுப்பர் மார்க்கட்டில் உறைந்த இறால் இரண்டு பொதி வாங்கினேன். அரைக் கிலோப் பொதிகள். பஸ்ஸில் வீடு வந்து சேர ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஆனது. எடுத்துப் பார்த்தால் ஒரு பொதியின் அடி ஒட்டு விட்டிருக்கிறது. உள்ளே இறால் முழுக்க ஒரே கட்டி, ஒரு மூலையில் சிவப்பாக ஐஸ். முன்பு வாங்கியபோது தனித்தனியாகக் குலுங்கியது. உடனே படம் எடுத்து அக்காவுக்கு வட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு ஃபிரீசரில் வைத்தேன். மறுநாள் கொண்டுபோனபோது, "உறைந்த சாமான் மாற்றுவதில்லை, நீங்கள்தான் பஸ்ஸில் கொண்டுபோய் உருக்கியிருக்கிறீர்கள்" என்று பில் போடுகிற இடத்திலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். பில் இருக்கிறது. சமைக்கலாமா? காசு கிடைக்குமா?
– வாசகி, களுவாஞ்சிக்குடி

பதில்: வாவி இறால் துள்ளத் துள்ள விற்கிற ஊரில் உறைந்த இறால் எதற்கு என்று கேட்க மாட்டேன். வேலையால் வந்து இருட்டிய பிறகு தோல் உரிக்கிற கஷ்டம் எனக்கும் தெரியும்.

சமைக்க வேண்டாம். ஆனால் எறியவும் வேண்டாம். இன்னொரு பையில் போட்டுக் கட்டி ஃபிரீசரிலேயே வையுங்கள். உங்கள் வழக்குக்கு அந்தப் பொதிதான் சாட்சி.

கடைக்காரர் சொன்னதை யோசித்துப் பாருங்கள். பஸ் வெக்கையில் ஒரு மணித்தியாலம் இருந்தால் பொதியின் வெளிப்பக்கம் இளகும், பை நனையும். அது உண்மைதான். ஆனால் உருகி வடிந்த தண்ணீர் ஒரு மூலையில் தேங்கித் திரும்பக் கல்லாக உறைவது எந்த பஸ்ஸில் நடக்கும்? அதற்கு ஃபிரீசர் வேண்டும். சிவந்த ஐஸ் என்றால் இறாலுக்குள் இருந்த சாறு வெளியே வந்து உறைந்திருக்கிறது. அப்படியானால் அந்தப் பொதி உங்கள் கைக்கு வருமுன்பே ஒருமுறை உருகித் திரும்ப உறைந்தது. நீங்கள் ஃபிரீசரில் வைக்குமுன் எடுத்த படம், வட்ஸ்அப்பில் போன நேரத்தோடு அக்காவிடம் இருக்கிறது. பில்லில் கடையின் நேரம் இருக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள்.

ஒட்டு விட்டதை வைத்து மட்டும் வாதாடாதீர்கள், அது வழியில் நசுங்கியும் விட்டிருக்கலாம். படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். விட்ட இடத்தால் ஐஸ் கசிந்து பைக்கு வெளியிலும் உறைந்து ஒட்டியிருந்தால், ஒட்டும் கடையிலேயே விட்டதுதான்.

எங்கே உருகியிருக்கும்? கரண்ட் போனது, லொறியிலிருந்து இறக்கி நிலத்தில் வைத்துவிட்டு மறந்தது, எதுவும் இருக்கலாம். நான் அடிக்கடி காண்பது வேறொன்று. கடை ஃபிரீசரின் உள்பக்கத்தில் ஒரு கோடு இருக்கும். சாமான் அதற்கு மேலே போகக்கூடாது, மேலே போனால் குளிர் எட்டாது. பெருநாள், பொங்கல் கிட்ட வந்தால் கோட்டுக்கு மேல் ஒரு முழம் அடுக்கி வைத்திருப்பார்கள். உறைந்த கடலுணவு மறை 18 பாகையிலோ (-18°C) அதற்குக் கீழேயோ இருக்க வேண்டும். மேலே கிடக்கும் பொதி அந்தக் குளிரைக் காணாது. குளிர் கிருமியைக் கொல்லாது, வளரவிடாமல் நிறுத்தி மட்டுமே வைக்கும். உருகிக் கிடந்த நேரம் எவ்வளவு என்று தெரியாத இறாலை மணத்தை நம்பிச் சமைக்கக்கூடாது என்பது அதனால்தான்.

மற்றப் பொதியைப் பற்றி எழுதவில்லையே? குலுக்கிப் பாருங்கள். லேசாக ஒட்டியிருந்து, தட்டினால் பிரிந்தால் அது பஸ்ஸின் வேலை. தாராளமாகக் கறி வையுங்கள்.

இனிக் கடை. பில் போடுகிற பிள்ளையோடு சண்டை பிடித்துப் பலனில்லை, பணம் திருப்பித் தருகிற அதிகாரம் அதற்கு இல்லை. வேலை நாளில் காலையில் போய் முகாமையாளரைக் கேளுங்கள். பொதியில் உள்ள தொகுதி இலக்கத்தைக் காட்டுங்கள், அதை வைத்து அவரும் விநியோகித்த கம்பனியிடம் கேட்கலாம். "மாற்றுவதில்லை" என்ற பேச்சு மனம் மாறித் திருப்பிக் கொடுப்பவருக்குப் பொருந்தலாம், பழுதான சாமான் விற்றதற்குப் பொருந்தாது.

அவரும் கைவிரித்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபை இருக்கிறது. தொலைபேசி 1977. ஆனால் போனோடு விடாமல் எழுதிக் கொடுங்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி, வாங்கி மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறையிட வேண்டும். விசாரித்துப் பார்த்து, பொருளை மாற்றிக் கொடுக்கவோ காசைத் திருப்பவோ நட்டஈடு கொடுக்கவோ உத்தரவிட அவர்களுக்கு அதிகாரம் உண்டு. ஃபிரீசரைப் பரிசோதிக்க வேண்டுமென்றால் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் (பி.எச்.ஐ.) சொல்லுங்கள். களுவாஞ்சிக்குடி பி.எச்.ஐ. அல்ல, கடை இருக்கிற பகுதிக்குரியவர்.

அடுத்த தடவை ரெஜிபோம் பெட்டியோடு போங்கள். இறாலைக் கடைசியாக எடுங்கள், கோட்டுக்குக் கீழிருந்து எடுங்கள், எடுத்ததும் குலுக்குங்கள்.

கேள்வி: காற்றை உறிஞ்சி ஒட்டிய மீன் பொதியை அப்படியே ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்து உருக்குகிறேன். பையை வெட்டிவிட்டு வை என்கிறார் மைத்துனி. எது சரி?
– வாசகர், அக்கரைப்பற்று

பதில்: மைத்துனி சொல்வதுதான் சரி. கிளொஸ்ட்ரிடியம் பொட்டுலினம் என்ற கிருமி காற்றில்லாத இடத்தில்தான் வளர்ந்து நஞ்சை உண்டாக்கும். அதில் சில வகை ஃபிரிட்ஜின் குளிரிலும் வளரும். உறைந்திருக்கும்போதே பையை வெட்டி, மீனை மூடியுள்ள பாத்திரத்துக்கு மாற்றி, மூடியை இறுக்காமல் கீழ்த்தட்டில் வையுங்கள். உருக்குமுன்பே பை தளர்ந்து காற்று நுழைந்திருந்தால், அந்த மீன் ஒட்டு விட்ட பொதிதான். வாங்கிய கடைக்கே திருப்பிக் கொண்டுபோங்கள்.