ஒரே செல்லில் மரபணு ஒளியும் ஹார்மோன் வட்டமும்

கேள்வி: நாமக்கல்லில் கால்நடை மருத்துவ மேற்படிப்புப் படிக்கிறேன். எலியின் பிட்யூட்டரி (மூளையடிச் சுரப்பி) செல் ஒவ்வொன்றும் புரோலாக்டின் என்ற பால்சுரப்பு ஹார்மோனைச் சுரக்கிறதா, அதே செல்லில் அந்த ஹார்மோனின் மரபணு இயங்குகிறதா என்று பார்க்க வேண்டும். செம்மறிச் சிவப்பணுவை வைத்துப் பிளேக் சோதனை செய்தால், ஒரு தடவை ஸ்லைடு முழுக்க அணுக்கள் உடைகின்றன. மறு தடவை ஒரு வட்டம்கூட விழுவதில்லை. எங்கே தவறு?

பதில்: பிளேக் சோதனையில், செல் சுரக்கும் ஹார்மோனை எதிர்ப்பொருள் பிடிக்கும். அந்தச் சேர்க்கை, சுற்றியுள்ள சிவப்பணுவின்மேல் ஒட்டவைத்த புரதம்-ஏ என்ற, எதிர்ப்பொருளைப் பிடிக்கும் பாக்டீரியப் புரதத்தில் சிக்கும். பிறகு சேர்க்கும் காம்ப்ளிமென்ட் (சீரத்திலுள்ள, அணுவை உடைக்கும் புரதங்கள்) அந்த அணுக்களை உடைக்க, செல்லைச் சுற்றி வட்டம் விழும். முதலில் ரத்தத்தைப் பாருங்கள். ஆடு வெட்டுமிடத்தில் பிடித்த ரத்தம் இதற்கு உதவாது. மேச்சேரி ஆடோ வேறு செம்மறியோ, கழுத்துச் சிரையிலிருந்து சுத்தமாக எடுத்து, ரத்தம் கட்டாமல் காக்கும் ஆல்சீவர் கரைசலில் சம அளவு கலந்து 4 டிகிரியில் வையுங்கள். நம் பக்கத்து வெயிலில் பண்ணையிலிருந்து கொண்டுவரும்போது ஐஸ் பெட்டி வேண்டும். ஆனால் குழாய் ஐஸைத் தொடக்கூடாது. உறைந்து உருகிய அணு தானாகவே உடையும். இரண்டு வாரம் தாண்டிய ரத்தத்தைக் கொட்டிவிடுங்கள்.

வட்டமே விழாததற்கு, அணுவின்மேல் புரதம்-ஏ ஒட்டாதது பெரும்பாலும் காரணமாக இருக்கும். அதை ஒட்டவைப்பது குரோமியம் குளோரைடு. பாஸ்பேட் பஃபரில் கழுவினால் குரோமியம் பாஸ்பேட்டோடு சேர்ந்து வீணாகிவிடும். 0.9 சத உப்புநீரில் மட்டும் மூன்று முறை கழுவுங்கள். எதிர்ப்பொருள் எந்த விலங்கினுடையது என்றும் பாருங்கள். முயலினுடையதைப் புரதம்-ஏ இறுகப் பிடிக்கும். வெள்ளாட்டினுடையதைச் சரியாகப் பிடிக்காது. வளர்ப்புக் கரைசலில் சீரம் இருந்தால் அதிலுள்ள எதிர்ப்பொருளே இடத்தை அடைத்துக்கொள்ளும், 0.1 சத ஆல்புமினோடு நிறுத்துங்கள்.

ஸ்லைடு முழுக்க உடைந்தால் காம்ப்ளிமென்ட்டைச் சந்தேகியுங்கள். அதைத் தரும் கினிப்பன்றிச் சீரத்தைச் சிறு குழாய்களாகப் பிரித்து மைனஸ் 70-இல் வைத்து, உருக்கியதை மறுபடி உறையவைக்காதீர்கள். எதிர்ப்பொருள் இல்லாத ஸ்லைடு ஒன்று, 56 டிகிரியில் 30 நிமிடம் சூடாக்கிச் செயலிழக்கவைத்த காம்ப்ளிமென்ட் இட்ட ஸ்லைடு ஒன்று, தினமும் கட்டாயம். முதல் ஸ்லைடிலும் உடைந்தால் அது ஹார்மோனின் வேலை அல்ல.

மரபணுவுக்கு, புரோலாக்டின் புரோமோட்டரோடு (மரபணுவை இயக்கும் டி.என்.ஏ. பகுதி) இணைத்த லூசிபெரேஸ் (ஒளி உண்டாக்கும் நொதி) மரபணுவை செல்லுக்குள் செலுத்தி, அந்த நொதி ஒளிரத் தேவையான லூசிபெரின் ஊட்டி ஒளியை எண்ணுங்கள். சிவப்பணு சேர்க்கும் முன்பே இது முடிய வேண்டும். லூசிபெரேஸ் ஒளி 560 நானோமீட்டர் அளவில் வருகிறது. ஹீமோகுளோபின் அந்தப் பகுதி ஒளியை விழுங்கும். காம்ப்ளிமென்ட் செல்லையும் கெடுக்கலாம் என்பதால் பிளேக் எப்போதும் கடைசி. கட்டம் போட்ட கவர்ஸ்லிப்பில் செல்களைத் தூரதூரமாக விதைத்தால் அதே செல்லை மறுபடி தேடிப் பிடிக்கலாம், வட்டங்களும் ஒன்றோடொன்று கலக்காது. வட்டத்தின் விட்டத்தை அல்ல, பரப்பை அளவிடுங்கள்.

ஒளிரும் செல்லைச் சுற்றி வட்டம் இல்லையென்றால் உடனே பிழை என்று தள்ளிவிடாதீர்கள். செய்த ஹார்மோனை செல் துகள்களில் சேமித்து வைத்திருக்கலாம். புரோலாக்டின் சுரப்பைத் தடுக்கும் டோபமைன் சேர்த்த ஸ்லைடில் வட்டங்கள் சுருங்கினால் உங்கள் சோதனை புரோலாக்டினைத்தான் காட்டுகிறது என்று நம்பலாம்.